எட்டாயிரம் ரூபாய் முந்திரிக்கொத்து

என் தம்பி பெண்டாட்டி பெர்சிஸைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கக்கூடும். ‘ஒரு டப்பா பலகாரம் எட்டாயிரம் ரூபாய்! நெல்லை அக்காவின் பகல் கொள்ளை!’ என்று சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வீடியோ போன் போனாகச் சுற்றியதே, அந்த அக்கா இவள்தான். கொள்ளையாவது, மண்ணாவது! நடந்ததை நடந்தபடி சொல்ல என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. என் பெயர் சாரம்மாள். பாளையங்கோட்டை கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டையர் ஆனவள். ஊரார் சொன்ன பொய்யும் மெய்யும் என் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயின. எது எது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஆறுதல்புரம். சேரன்மகாதேவியிலிருந்து ஆற்றை ஒட்டிப் போகிற ரோட்டில், வயல்களுக்கு நடுவே ஒரு சர்ச் கோபுரம் தெரியும். நாங்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்கும் தம்பி ஹெப்ரான் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஹெப்ரான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அவன் ஒரு நாளில் பேசுவதை பெர்சிஸ் ஒரு மூச்சில் பேசிவிடுவாள்.

அவள் பக்கத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். கொரோனாவில் பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். வேலை போனதற்கு அவள் அழவில்லை. அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கென்று செய்த முந்திரிக்கொத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செய்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ வைத்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது. எங்களுக்கே மிச்சம் இல்லை. ‘ஏட்டி, வீட்டுக்கு ஒண்ணாவது எடுத்து வைக்க மாட்டியா?’ என்று நான் கேட்டதற்கு, ‘மதினி, நமக்கு நாளைக்கும் சுடலாம், வாங்குத ஆளு நாளைக்கு வருமா?’ என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் வியாபாரி என்று.

முந்திரிக்கொத்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் பிடித்து உருட்டி, மும்மூன்றாக ஒட்டி, அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தெடுப்பது. அதில் முந்திரிப்பருப்பு கிடையாது. ‘முந்திரி எங்கே?’ என்று கேட்டு இன்றைக்கும் யாராவது கமெண்ட் போடுகிறார்கள். நான் பதில் எழுதினால் சூடாக எழுதிவிடுவேன் என்று பெர்சிஸ் போனை என் கையில் கொடுக்க மாட்டாள்.

இன்ஸ்டாகிராமில் ‘பெர்சிஸ் பலகாரம்’ என்று பக்கம் தொடங்கிய காலத்து வீடியோக்களை நினைத்தால் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். பட்டுச்சேலை கட்டி, கழுத்தை நிமிர்த்தி, ‘அன்பார்ந்த நேயர்களே, இன்று நாம் காணவிருப்பது’ என்று வகுப்பு எடுப்பாள். பார்த்தவர்கள் நானும் ஹெப்ரானும் நாலைந்து சொந்தக்காரர்களும்தான். அப்படி ஒருநாள் ஹெப்ரான் போனைப் பிடித்துக்கொண்டு, நன்றாகத் தெரியட்டும் என்று எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டான். பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் ஒரேயடியாகக் கத்தினாள்: ‘ஏங்க, அங்கன போயி நிக்காதிய! எண்ணெ தெறிச்சா போனுக்குப் போனும் போச்சு, ஆளுக்கு ஆளும் போச்சு! பைய இங்கன வாங்க!’

வெட்டத் தெரியாத என் தம்பி அதை அப்படியே ஏற்றிவிட்டான். அன்றைக்குத்தான் பக்கத்துக்கு உயிர் வந்தது. துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ‘எங்க வீட்டுலயும் இதே ஏச்சுதான்க்கா’ என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். பட்டுச்சேலை பீரோவுக்குப் போனது. பெர்சிஸ் வீட்டில் பேசுகிற மாதிரியே பேச ஆரம்பித்தாள். பாகு பதம் தப்பினால் தப்பியதையும் காட்டினாள். ‘இன்னிக்கு உருண்டை ஒடைஞ்சு போச்சு, இத ஒங்களுக்கு அனுப்ப மாட்டேன், எங்க மதினி தின்னுருவாவ’ என்று என்னையும் இழுத்து விட்டாள். காயல்பட்டினத்தில் நஃபீஸத் என்று ஒரு பெண். அவள் புருஷன் துபாயில் வேலை பார்க்கிறார். அங்கே போகிறவர்கள் கையில் ஒரு டப்பா கொடுத்து விடுவதற்காக வாங்க ஆரம்பித்து, பிறகு தெருவில் பாதிப் பேருக்கு அவளே வாங்கிக் கொடுத்தாள். வீடியோ போட்டால் முதல் கமெண்ட் நஃபீஸத்துடையதாகத்தான் இருக்கும்.

கூட வேலைக்கு நாலு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் சித்ரலேகா அடுத்த தெரு. அவளுக்குக் கையும் வேகம், வாயும் வேகம். உடன்குடியிலிருந்து கருப்பட்டி வந்து இறங்கும். கூரியர்க்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். என் தம்பி வீட்டு அடுக்களைச் சுவரை இடித்துப் பெரிதாக்கினார்கள். கோர்ட்டில் எத்தனையோ பேர் சொத்துக்காகச் சுவர் எழுப்பியதைத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு பெண் தன் உழைப்பில் சுவரை இடித்ததைப் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது. இருக்காதா பின்னே?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் விளைச்சலில், உழைப்பில் முதலில் வந்ததைக் கொண்டுவந்து காணிக்கை மேசையில் வைப்போம். நெல், வாழைத்தார், பூசணி, சேவல், முட்டை, தைக்கிறவள் தைத்த பாவாடை என்று மேசை நிறைந்துவிடும். ஜெபம் முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாம் ஏலத்துக்கு வரும். வேதநாயகம் சார்தான் ஏலம் விடுவார். ஒரு காலத்தில் பி.டி. வாத்தியார். அவருக்கு மைக் தேவையில்லை.

அந்த ஏலம் கடை ஏலம் மாதிரி கிடையாது. நாலு முருங்கைக்காய் ஐநூறுக்குப் போகும். ஒற்றை முட்டை இருநூறுக்குப் போகும். எடுத்தவர்களில் பாதிப் பேர் பணத்தைக் கட்டிவிட்டு, ‘மறுபடி ஏலம் விடுங்க’ என்று பொருளை மேசையிலேயே வைத்துவிடுவார்கள். ஒரே பூசணிக்காய் நாலு பேர் கை மாறி நாலு பேர் பணத்தையும் வாங்கிக்கொடுக்கும். கொடுக்க நினைத்து வந்தவர்களுக்கு அந்தப் பொருள் ஒரு சாக்கு, அவ்வளவுதான். சேர்கிற பணம் படிக்கிற பிள்ளைகளுக்கும் வைத்தியத்துக்கு வழியில்லாதவர்களுக்கும் போகும். இது எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எல்லா ஊருக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வருஷம் பெர்சிஸ், பெரிதாக்கிய அடுக்களையில் சுட்ட முதல் ஈட்டு முந்திரிக்கொத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மேசையில் வைத்தாள். ஏலம் வந்தது. முன்வரிசையில் சேரன்மகாதேவி வாழைக்காய் மண்டி சிவசண்முகம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதியோடு வருஷம் தவறாமல் வருவார். எங்கள் ஊர் வாழை எல்லாம் அவர் மண்டிக்குத்தான் போகிறது. அவர் இல்லாமல் ஏலம் களைகட்டாது. பம்பாயிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த ஒருவர் போட்டிக்கு நின்றார். ஆயிரம் என்றார், இரண்டாயிரம் என்றார், ஏறிக்கொண்டே போனது.

‘எட்டாயிரம்!’ என்றார் அண்ணாச்சி.

‘எட்டாயிரம் ஒரு தரம்! எட்டாயிரம் ரெண்டு தரம்! வே, பம்பாய்க்காரரே, சத்தத்தையே காணோமே!’ என்று வேதநாயகம் சார் கேட்க, பந்தலே சிரித்தது. ‘மூணு தரம்!’

அண்ணாச்சி எழுந்து டப்பாவைத் திறந்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். ‘பணம் இந்தா இருக்கு. டப்பாவ மறுபடி ஏலம் விடும் வே’ என்று மேசையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இதையெல்லாம் சித்ரலேகா போனில் பிடித்திருந்தாள். பெர்சிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கையால் செய்த பலகாரத்துக்குப் பந்தலே எழுந்து நின்றதே! வீட்டுக்கு வந்ததும் ரீல்ஸ் போட உட்கார்ந்தாள். ரீல்ஸ் நீண்டால் ஜனம் தள்ளிவிட்டுப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஏலம் ஏறுவதையும், ‘மூணு தரம்’ என்று சார் கையைத் தட்டுவதையும், அண்ணாச்சி ஒன்றை ருசித்துத் தலையாட்டுவதையும் வைத்துக்கொண்டாள். டப்பாவைத் திருப்பி வைத்ததை வெட்டிவிட்டாள். ஏலம் என்றால் திருப்பிக் கொடுப்பார்கள் என்று யாருக்குத்தான் தெரியாது? மேலே ‘எங்க முந்திரிக்கொத்து எட்டாயிரம்!’ என்று எழுதி, கீழே வழக்கம்போல ஆர்டருக்கு நம்பரையும் போட்டாள்.

முதல் இரண்டு நாள் வாழ்த்து மழை. அப்புறம் எங்கேயோ இருக்கிற ஒரு பக்கம் அதைத் தூக்கிப் போட்டு, நான் மேலே சொன்ன ‘பகல் கொள்ளை’ தலைப்பைக் கொடுத்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ‘பயறு உருண்டைக்கு எட்டாயிரமா?’ ‘விபூதி போட்ட அந்த ஆள் இவங்க செட்டப்.’ ‘சாமி பேரைச் சொல்லி விளம்பரம்.’ ‘இவளை உள்ளே தள்ளணும்.’ அங்கிருந்து அவள் பக்கத்துக்கே தேடி வந்து பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். அவளை முன்பின் தெரியாத பத்து லட்சம் பேர்!

நான் சும்மா இருப்பேனா? பெர்சிஸ் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்து, ஒவ்வொருவனுக்கும் பதில் தட்டினேன். என் வேகம் கோர்ட்டிலேயே பெயர்பெற்றது. ‘பெற்ற தாயிடம் இப்படிப் பேசுவாயா?’ என்று ஒருவனுக்கு. ‘நீ எந்த ஊர் நாட்டாமை?’ என்று இன்னொருவனுக்கு. நான் தட்டத் தட்ட அந்த வீடியோ இன்னும் அதிகம் பேரிடம் போகிறது என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்? ஈரத் தலையோடு ஓடிவந்த பெர்சிஸ், ‘மதினி, போனக் குடுங்க! நீங்க அடுப்புல எண்ணெ ஊத்துதிய!’ என்று பிடுங்கிக்கொண்டாள்.

பெயர் கெட்டால் வியாபாரமும் கெடும். எங்களுக்குத் தெரிந்தவர்களே போன் போட்டு, ‘என்ன பெர்சி, வெல ஏறிட்டா?’ என்று பையக் கேட்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் கிறிஸ்மஸுக்குக் கொடுக்க மொத்தமாக ஆர்டர் வந்திருந்தது. அந்த வருஷம் மொத்தத்துக்கும் பெரிய ஆர்டர் அதுதான். அந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்ட ரிச்சர்ட் என்பவர் கூப்பிட்டார். ‘எனக்கு ஒங்களத் தெரியும்மா. ஆனா மேல இருக்கவங்க அந்த வீடியோவப் பாத்துட்டாங்க. பிரச்சின தீரட்டும், இப்ப வேண்டாம்னு சொல்லுதாங்க’ என்றார். கருப்பட்டியும் பயறும் வாங்கி அடுக்கியாகிவிட்டது. கிறிஸ்மஸ் வரைக்கும் வேலை உண்டு என்று நாலு பெண்களுக்கும் பெர்சிஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். சித்ரலேகா அதை நம்பி வேறு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கு நாலு பேரும் தலை நிமிராமல் உருண்டை பிடித்தார்கள். சித்ரலேகா வாய் திறக்காமல் வேலை பார்த்ததை நான் அதற்கு முன்னால் பார்த்தது கிடையாது.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு போன். ப்ரியா என்று விளம்பரக் கம்பெனிப் பெண். பெர்சிஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

‘மேடம், நீங்க ஏன் டல்லா இருக்கீங்க? இந்த ரீச்சுக்கு நாங்க லட்சக்கணக்குல செலவு பண்ணுவோம். உங்களுக்கு ஃப்ரீயா கிடைச்சிருக்கு. எதையும் விளக்கிச் சொல்லாதீங்க, அந்த ரீல்ஸைத் தொடாதீங்க. சண்டை போடுறவங்க போடட்டும். ‘எட்டாயிரம் ரூபாய் முந்திரிக்கொத்து’ன்னே பேர் வெச்சு ஒரு அழகான கிஃப்ட் பாக்ஸ் போடுவோம். ஆயிரத்தி ஐந்நூறு வெச்சாக்கூட சிட்டில வாங்குவாங்க. எட்டாயிரத்தைப் பாத்தவங்களுக்கு இது சீப்பாத் தெரியும்.’

‘உள்ள என்ன வைக்கணும்?’ என்று கேட்டாள் பெர்சிஸ்.

‘அதே ஸ்வீட்தான் மேடம். அரைக் கிலோ.’

‘அரைக் கிலோ நான் முந்நூறு ரூவாய்க்குக் குடுக்கேன்மா.’

‘இனிமே குடுக்காதீங்க’ என்று சிரித்தாள் அந்தப் பெண். நல்ல பெண்தான், அவள் தொழிலை அவள் சொன்னாள். யோசித்துச் சொல்வதாகப் பெர்சிஸ் போனை வைத்தாள். நாலு பெண்களும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பெட்டி விற்றால் நாலு பேருக்கும் வேலை நிற்காது. அது அவளுக்கும் தெரியும்.

ஹெப்ரான் மெதுவாக, ‘ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி’ என்றான். அவனுக்கு அது பெரிய பிரசங்கம்.

நான் சொன்னேன்: ‘ஜனங்களுக்குப் புரியலேன்னா அது ஒன் தப்பா? நீ பொய் சொன்னியா? எட்டாயிரத்துக்குத்தானே போச்சு?’

அவள் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ‘மதினி, மேசையில வச்ச பெறகு அது என் பலகாரமில்லயே! ஆண்டவருக்குன்னு குடுத்தாச்சு. அதுக்குக் கெடச்ச வெல எனக்கு வந்த வெலயா? அத எடுத்து என் கடைப் பக்கத்துல போட்டு, கீழ ஆர்டர் நம்பரையும் குடுத்திருக்கேன். திட்டுதவன் தெரியாமத் திட்டுதான். ஆனா நான் தெரிஞ்சில்லா போட்டேன்.’

கோர்ட்டில் எத்தனை வக்கீல்கள் எத்தனை வாதங்கள்! இவள் சொன்னதை அப்படியே தீர்ப்பாகத் தட்டச்சு செய்துவிடலாம்.

முதல் காரியமாக அவள் சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். சிவசண்முகம் அண்ணாச்சி மண்டியில் தார்களுக்கு நடுவே நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார்.

‘அண்ணாச்சி, என்னால ஒங்களையும் செட்டப்புன்னு கண்டவனும் பேசுதான். மன்னிச்சுக்கிடுங்க’ என்று பெர்சிஸ் எழுந்து நின்று கும்பிட்டாள்.

‘அட ஏம்மா நீ வேற!’ என்று அவர் சிரித்தார். ‘எங்க அம்மன் கோயில் கொடைத் திருவிழா ஏலத்துல ஒத்த எலுமிச்சம்பழத்த நான் எம்புட்டுக்கு எடுத்தேன்னு தெரியுமா? எம் பொண்டாட்டிட்டயே இன்னும் சொல்லல. அதப் பாத்திருந்தா இவனுவ என்ன சொல்லுவானுவளோ! நான் வேணா வந்து வீடியோல பேசட்டுமா? நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கேன்.’

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. பெர்சிஸ் தலையை ஆட்டினாள். ‘வேண்டாம் அண்ணாச்சி. வெட்டினது நான். நானே சொல்லுதேன். ஒங்க முகத்தக் காட்டிச் சொல்ல ஒங்க சம்மதம் மட்டும் போதும்.’

‘தாராளமாக் காட்டு தாயி’ என்றார்.

மறுநாள் மத்தியானம் அடுக்களையிலேயே லைவ் போட்டாள். போனை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தான் ஹெப்ரான். பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாலு பெண்களும் வேலையை நிறுத்தவில்லை. நேரம் தெரிந்து காத்திருந்த மாதிரி ஆயிரக்கணக்கில் கூட்டம் ஏறியது. முதலில் வந்தது எல்லாம் வசவுதான். ஓடுகிற எழுத்தை நான் வாசித்தேன். என் பல் நறநறவென்றது.

பெர்சிஸ் அதைப் பார்க்கவில்லை. நேராகப் பேசினாள்.

‘எல்லாருக்கும் வணக்கம். நான்தான் அந்தப் பகல் கொள்ளக்காரி. ஒரு விஷயத்த நான் பாதி காட்டிட்டேன், மீதியையும் இப்ப பாருங்க’ என்று சித்ரலேகா போனை வாங்கி, வெட்டாத வீடியோவை முழுக்க ஓட்டிக் காட்டினாள். அண்ணாச்சி டப்பாவைத் திருப்பி வைத்தது, அதையே ஒரு நர்ஸம்மா மறுபடி ஏலம் எடுத்தது, அவர் திறந்து பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தது எல்லாம் வந்தது. அறுப்பின் பண்டிகை என்றால் என்ன, அந்தப் பணம் எங்கே போகிறது என்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்தானே, ஒருவருக்கும் புரியாமல் போகாதபடி சொன்னாள்.

‘அந்த எட்டாயிரத்துல ஒரு ரூவா எனக்கு வரல. வரவும் கூடாது. நான் செஞ்ச தப்பு வேற. காணிக்கைய என் கடைக்கு விளம்பரமாப் போட்டேன். ஆசதான், வேற என்ன? அதுக்கு எங்க சபையாருகிட்டயும் ஒங்ககிட்டயும் மன்னிப்பு கேக்கேன். என் பலகாரம் நேத்து என்ன வெலயோ இன்னிக்கும் அதே வெல. கூட ஒரு ரூவா கேட்டா வாங்காதிய. இப்ப அந்த ரீல்ஸ அழிக்கேன்.’

எல்லாரும் பார்க்க அழித்தாள்! பத்து லட்சம் பேர் பார்த்தது, அந்தச் சென்னைப் பெண் லட்சக்கணக்கில் பெறும் என்று சொன்னது, விரல் வைத்த நேரத்தில் போய்விட்டது. எனக்கு ஒரு பக்கம் ஐயோ என்றிருந்தது. மறுபக்கம், எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள் இவள் என்று தெருவில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது.

வசவுக்கு நடுவே ஆதரவாக முதலில் வந்தவள் காயல்பட்டினத்து நஃபீஸத். ‘பெர்சிக்கா, எங்க உம்மா ஊர்ப் பள்ளிவாசல்ல நேர்ச்சைச் சேவல் ஏலத்துல எங்க மாமா மூவாயிரம் குடுத்தாங்க. சேவலத் திருப்பியும் குடுத்துட்டாங்க. அப்ப எங்க சேவலும் கொள்ளைதானா?’ என்று எழுதினாள். அதற்குக் கீழே அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர், அவர் ஊர்க் கொடையில் ஏலம் போன தேங்காயைப் பற்றி எழுதினார். அப்புறம் மடை திறந்த மாதிரிதான். எங்க ஊரில் மாலை, எங்க ஊரில் கருவாடு, எங்க ஊரில் ஆட்டுக்குட்டி என்று தாமிரபரணி பாய்கிற பக்கமெல்லாம் வந்து பெர்சிஸ் பின்னால் நின்றது. ‘திருப்பிக் குடுக்காம வீட்டுக்குக் கொண்டுபோன எங்க சித்தப்பாவ இன்னும் கேலி பண்ணுதோம்’ என்று ஒருவன் எழுத, சித்ரலேகா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வாய் திரும்பிவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. திட்டியவர்களில் சிலர் மன்னிப்பும் கேட்டார்கள். எல்லாரும் கேட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வையத்தான் பிறந்தேன் என்று இருக்கிறவனை என்ன செய்ய?

ரிச்சர்ட் அந்த வாரமே கூப்பிட்டு, ‘எங்க மேலதிகாரி லைவ் முழுக்கப் பாத்தாரும்மா. ஆர்டர் அப்படியே இருக்கட்டும்னுட்டார்’ என்றார். ப்ரியாவும் கூப்பிட்டாள். அந்தக் கிஃப்ட் பாக்ஸ் வேண்டாம் என்று பெர்சிஸ் சொன்னதும், ‘மேடம், அந்த ரீல்ஸை அழிச்சது எனக்கு இன்னும் மனசு ஆறல. ஆனா எங்க அம்மாவுக்கு ஒரு கிலோ அனுப்புங்க’ என்றாளாம். அந்தக் கிறிஸ்மஸுக்கு நாலு பெண்கள் போதாமல் ஆறு பேர் ஆனார்கள். ஆறு பேர் கையால் ஆகிற அளவு வந்ததும் பெர்சிஸ் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டாள். இன்னும் எடு, இன்னும் எடு என்று நான் குதித்தேன். ‘பதம் கெட்டுரும் மதினி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. பெர்சிஸ் வழக்கம்போல ஒரு டப்பா வைத்தாள். அதை யாரோ என்னவோ விலைக்கு எடுத்தார்கள். அவள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் ஏலத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெண்கள் கொண்டுவந்து வைப்போம், ஜோடிப்போம், கை தட்டுவோம். விலை கேட்பது ஆண்கள்தான். வேண்டும் என்றால் புருஷனை முழங்கையால் இடிப்போம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, இருந்து வந்தது.

பெரிய பொருள்கள் எல்லாம் போன பிறகு வேதநாயகம் சார் ஒரு சுரைக்காயைத் தூக்கிக் காட்டினார். சித்ரலேகா வீட்டுக் கூரையில் காய்த்த முதல் காய். அவள் அம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான். எங்கள் மேசையில் யார் எதை வைத்தாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் சின்னக் காய், ஒரு பக்கம் வளைந்திருந்தது. கூட்டமும் கலைய ஆரம்பித்திருந்தது. ஒருவர் முப்பது என்றார். இன்னொருவர் நாற்பது என்றார். அதற்கு மேல் சத்தம் இல்லை. பந்தல் ஓரத்தில் நின்றிருந்த சித்ரலேகா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

‘நாப்பது ஒரு தரம்! நாப்பது ரெண்டு தரம்!’

‘அஞ்சாயிரம்.’

பெண்கள் பக்கமிருந்து வந்த குரல். பந்தலே திரும்பியது. என் பக்கத்தில் பெர்சிஸ் எழுந்து நின்றிருந்தாள். ஹெப்ரானை அவள் இடிக்கவில்லை. அவன் அந்தக் கோடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

வேதநாயகம் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ‘யாரு கேட்டது?’

‘நான்தான் சார், பெர்சிஸ். அஞ்சாயிரம்.’

சிவசண்முகம் அண்ணாச்சி பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினார். அவளைத் திரும்பிப் பார்த்தார். தூக்கிய கையோடு இன்னொரு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். சார் மூன்று தரம் சொல்லி முடித்தபோது கை தட்டியதில் பந்தல் தகரம் அதிர்ந்தது. பெர்சிஸ் போய்ப் பணத்தைக் கட்டினாள். தன் உழைப்பில் வந்த பணம், ஒருவரை ஏமாற்றாமல் வந்த பணம். சுரைக்காயை வாங்கி ஒரு நிமிஷம் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பிறகு மேசையிலேயே வைத்து, ‘மறுபடி ஏலம் விடுங்க சார்’ என்றாள். சித்ரலேகா அழுதுவிட்டாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

இரண்டாவது தரம் அந்தச் சுரைக்காயை விலை கேட்டது கோயில் பெருக்குகிற அம்மா. இருபது ரூபாய் கேட்டாள். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வந்த ஒருவரை வேதநாயகம் சார் முறைத்த முறையில் அவர் இருமிக்கொண்டார். அந்த அம்மா சுரைக்காயை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பெண்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் போனைத் தூக்கவில்லை. ஆகவே உங்களுக்குக் காட்ட என்னிடம் வீடியோ கிடையாது. நான் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும்.